அந்தச் சின்னக் கார் எங்கே, பிள்ளை?

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தம்பியும் சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. சந்தியடி ரீச்சரின் மகள் லண்டன் திரும்புகிறாள். அவளிடம் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கச்சானும் கொடுத்துவிடுகிறோம், அதோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

போனில் கதைப்பது இப்போது எனக்குச் சரிவருவதில்லை. நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைக்கிறாய். மருமகன் பக்கத்தில் இருக்கிறார், அவர் இருமுவது கேட்கிறது. அதில் பிழை ஒன்றும் இல்லை, அவரும் எங்கள் பிள்ளைதான். ஆனால் முன்பென்றால் நீயும் நானும் கார்க் கதை தொடங்கினால் அம்மா வந்து போனைப் பறிக்கும்வரை முடியாது. பிறேக் பாட் மாற்ற எவ்வளவு கேட்டார்கள், ரயருக்கு எவ்வளவு காற்று அடித்தாய், ஏற்றத்தில் எந்தக் கியரில் போனாய் என்று எல்லாம் சொல்லுவாய். இப்போது சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, பிறகு எடுக்கிறன் அப்பா. அவ்வளவுதான். பிறகு எடுப்பதும் இல்லை.

ஊர்ப் புதினம் என்றால், இந்த மாரி நல்ல மழை. இரணைமடு நிரம்பி வான்கதவு திறந்தார்கள். எங்கள் வாய்க்காலடி வயலில் ஒரு மூலை அழுகிப்போனது, மிச்சம் தப்பிவிட்டது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் பூசுகிறா, கோயிலுக்கு மட்டும் நடக்கிறா. பெரியப்பா பளையில்தான் நிற்கிறார். அந்தக் காணிக் கதை இன்னும் முடியவில்லை, அதை எழுதினால் இந்தக் கடிதம் போதாது.

தம்பி கார் வாங்கப் போகிறேன் என்று நிற்கிறான். சுசுகி வாகன் ஆர் வேண்டுமாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக் கார்களைத் திரும்ப விட்டார்கள். இடையில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் உனக்குத் தெரியும். இப்போது புதிதாக வருகிறவையும் வரியோடு சேர்ந்து வயல்காணி விலைதான். அவன் கேட்பது ஓட்டோ கியர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழங்கால் ஏலாதவர்களுக்கும் கொழும்பு நெரிசலுக்குள் நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கும் அது நல்ல வண்டி. எங்கள் கிரவல் றோட்டில் சேறு பிடித்தால், முன்னுக்கும் பின்னுக்குமாக அரைக் கிளச்சில் அசைத்து எடுக்கிற வேலை அதில் சரிவராது, அதைத்தான் சொன்னேன். ‘அப்பா, உலகம் முழுக்க ஓட்டோவுக்கு மாறிட்டுது’ என்கிறான். மாறட்டும். கைக்கியர் ஓடத் தெரிந்தவன் எதையும் ஓடுவான். இதை நான் அவனுக்குச் சொல்லும்போதெல்லாம் உன்னைத்தான் நினைக்கிறேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உன் கார் எங்கே?

பேத்தியின் இரண்டாவது பிறந்தநாள் வீடியோவை நானும் அம்மாவும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பிள்ளை நல்ல வடிவு, என் அம்மாவின் நெற்றி. அம்மா பிள்ளையைப் பார்க்கிறா, நான் பின்னால் வாசலைப் பார்க்கிறேன். முன்பு உன் சிவப்பு யாரிஸ் நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கார் நிற்கிறது. மருமகன் ஓடுகிறார், நீ பின்சீற்றில் பிள்ளையோடு இருக்கிறாய். புதுக்கார் வாங்கியது நல்லது, சந்தோசம். அதற்காகச் சின்னக் காரை ஏன் காணவில்லை? விற்றுவிட்டீர்களா? கராஜில் நிற்கிறதா? யாருக்காவது கொடுத்தீர்களா? அம்மா கேட்க வேண்டாம் என்கிறா. ‘அது அவையின்ர குடும்பம், கார்க் கதையை எடுத்துக்கொண்டு நடுவில போகாதேங்கோ’ என்கிறா. நான் நடுவில் வரவில்லை பிள்ளை. காரைப் பற்றித்தான் கேட்கிறேன்.

மருமகனிடம் ஒருநாள் கேட்டேன், நீ குளிக்கப் போயிருந்தபோது. ‘மாமா, இங்க யூலெஸ் எண்டு ஒரு வரி வந்திட்டுது. பழைய காரை வெளியில எடுத்தா ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைப் பவுண் கட்டவேணும். அதுதான் எடுக்கிறேல்லை’ என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. எங்கள் கராஜுக்கு வருகிற பொடியன் ஒருவனைக் கொண்டு இன்ரநெற்றில் பார்த்தேன். 2023 ஓகஸ்ட் 29 முதல் நீங்கள் இருக்கிற ஹரோ உட்பட லண்டன் முழுவதற்கும் அந்த வரி வந்தது உண்மை. நாளுக்கு 12.50 பவுண் என்பதும் உண்மை. ஆனால் அது எல்லாப் பழைய கார்களுக்கும் இல்லை. பெற்றோல் கார் யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இருந்தால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 2006க்குப் பிறகு பதிந்த பெற்றோல் கார்கள் பொதுவாக எல்லாம் தப்பும். டீசலுக்குத்தான் யூரோ 6 கேட்கிறார்கள். உன்னுடையது 2010, பெற்றோல், ஆயிரம் சிசி. அதற்கு வரியே இல்லை.

மருமகன் பிழையாகக் கேள்விப்பட்டிருப்பார். வேலைக் களைப்பில் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாதுதான். நீ இதை எடுத்துவைத்து அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் உனக்குத் தெரிந்திருக்குமே. பத்தாம் வகுப்பிலேயே கடைக்காரன் தந்த பற்றுச்சீட்டைத் திரும்பக் கூட்டிப் பார்த்த பிள்ளை நீ. வரி இல்லை என்று உனக்குத் தெரிந்திருந்தும் நீ பேசாமல் இருந்தாய் என்றால், அதுதான் எனக்கு இராத்திரியில் நித்திரை வராமல் செய்கிறது.

போன மாதம் நீ எடுத்தபோது மழைச் சத்தம் கேட்டது. அடுத்த தரிப்பிடத்தின் பெயரை ஒரு பெண் குரல் இங்கிலீசில் சொன்னதும் கேட்டது. பஸ்ஸில் இருந்தாய். பிள்ளை அழுகிறாள், நீ பைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று விளங்கிவிட்டது. எங்கே போகிறாய் என்று கேட்டேன், ‘சும்மா கடைக்கு’ என்றாய். பஸ்ஸில் போவது குறைவான காரியம் இல்லை, எங்கள் ஊர் முழுக்க பஸ்ஸில்தான் போகிறது. ஆனால் உனக்கு லைசன் இருக்கிறது, கார் இருந்தது.

அந்த லைசன் எடுத்த கதையை நான் இங்கே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எங்கள் இலங்கை லைசனோடு அங்கே போய் ஒரு வருடம்தான் ஓடலாம், அதை அங்கத்தைய லைசனாக மாற்றித் தரமாட்டார்கள், எழுத்துச் சோதினையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். 2018இல் நீ மனுவலில் சோதினைக்குப் போனாய். ஓட்டோவில் எடுத்தால் சுகம், கெதியாக முடியும் என்று எல்லோரும் சொன்னார்கள், மருமகனும் அப்படித்தான் எடுத்தவர். ஓட்டோவில் எடுத்தால் அந்த லைசனில் ஓட்டோ மட்டும்தான் ஓடலாம், மனுவலில் எடுத்தால் இரண்டும் ஓடலாம் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். ‘அப்பா பழக்கிய கையை ஏன் பாதியில விடுவான்’ என்று கேட்டாய். சோதினை பாஸ் என்று நீ எடுத்த நேரம் நான் ஒரு கன்ரர் லொறிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். எழும்பி வந்து கராஜில் நின்ற எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

முதன்முதலாக யாரிஸை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போன வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. மருமகன்தான் பக்கத்தில் இருந்து எடுத்தவர். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போடும்போது உன் இடக்கைக் காப்பு கியர்த் தடியில் தட்டும் சத்தம் அதில் கேட்கும். கிளச்சை முழுக்க மிதித்து, கியரை இழுக்காமல் விரலால் தள்ளி, காலை மெதுவாக விடுகிறாய். கார் ஒரு குலுக்கம் குலுங்கவில்லை. லண்டனிலும் இடப்பக்கம்தான் ஓடுவது, ஸ்ரேரிங் வலப்பக்கம்தான், கியர் இடக்கைக்குத்தான் என்பதால் நீ எங்கள் ஒழுங்கையில் பழகியதை அப்படியே கொண்டுபோக முடிந்தது. கனடாவுக்குப் போயிருந்தால் கையை மாற்றிப் பழகியிருக்க வேண்டும். அந்த வீடியோவில் மருமகனும் சிரிக்கிறார், ‘ஐயோ மெதுவா, மெதுவா’ என்கிறார். நல்ல சிரிப்பு. அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. எழுதும்போது இதையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

உனக்கு எங்கள் மொறிஸ் மைனர்க் காரில் பழக்கியது சும்மா விளையாட்டுக்கு இல்லை. முன்பிருந்த பழைய மைனர் சண்டையில் தருமபுரத்தோடு போய்விட்டது, அதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. 2012இல் சாவகச்சேரிப் பக்கம் ஒரு கொட்டிலுக்குள் கிடந்த இந்த 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை நான் எடுத்தபோது எல்லோரும் விசர் என்றார்கள். இருக்க ஒழுங்கான வீடில்லை, இவருக்குக் கார் என்றார்கள். நீ மட்டும் மண்கடதாசியை எடுத்துக்கொண்டு வந்து மட்காட்டைத் தேய்க்கத் தொடங்கினாய். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, காபிரேற்றர் நிரம்பியதும் தானாக நிற்குமே, அந்தச் சத்தத்துக்கு நீ காதைக் கொடுத்துக் காத்திருப்பாய். திரும்பும்போது கதவுக்குப் பின்னால் இருந்து எழும்புகிற சிக்னல் கை ஒருபக்கம் எழும்பாது, நீ உள்ளே இருந்து குத்தி எழுப்புவாய். இங்கே செய்த மைனர்ப் பாகங்கள் ஒருகாலத்தில் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது, அதை உனக்குச் சொன்னபோது நீ நம்பவில்லை.

அந்தப் பெட்டியில் நாலு கியர். இரண்டு, மூன்று, நாலுக்கு வேகத்தை ஒத்துக் கியரைச் சேர்க்கிற சிங்ரோ உண்டு, ஒன்றுக்கு இல்லை. கார் உருண்டுகொண்டிருக்கும்போது ஒன்றுக்குப் போட்டால் பல்லுக் கடிக்கும். காரை முழுக்க நிறுத்தித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் நியூற்றலில் விட்டு, கிளச்சை விட்டு, ஒரு தரம் அக்சிலேற்றர் கொடுத்து, திரும்பக் கிளச் மிதித்துப் போட வேண்டும். பழைய லொறிக்காரர் எல்லோரும் செய்த டபிள் கிளச்தான். நீ அழுதாய். குளக்கட்டு ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி எடுக்கச் சொன்னேன், சில்லுக்குப் பின்னால் தம்பி கல்லை வைத்துக்கொண்டு நின்றான். அரைக் கிளச்சில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், அப்போதுதான் ஹாண்ட் பிறேக்கை விட வேண்டும் என்று சொன்னேன். எத்தனை தரம் எஞ்சின் நின்றது! பிறகு ஒரு பின்னேரம் கல்லே தேவைப்படவில்லை. தம்பி கல்லைத் தூக்கி வாய்க்காலுக்குள் எறிந்தான், நீ காரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கி அம்மாவைப் பார்த்தாய்.

அம்மாவை ஏன் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். 1997 உனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு அப்போது ஐந்து வயது.

அதை நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை. இப்போது எழுதுகிறேன், நீயும் ஒரு பிள்ளைக்குத் தாய். கிளிநொச்சியை விட்டு வந்து கந்தபுரத்தில் கொட்டில் போட்டிருந்தோம். எரிபொருள் தடை. பெற்றோல் என்பது போத்தல் மூடியில் அளந்து பாவிக்கிற சாமான். மைனரைக் காபிரேற்றரில் ஒரு மூடி பெற்றோல் விட்டு எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவேன். சூடேறாமல் மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது, எரியாமல் பிஸ்ரனைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். நிறுத்துவதற்கு முன்னும் ஒரு துளி பெற்றோலில் ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் எடுக்காது. ஏற்றத்தில் இரும்படிக்கிற சத்தம் வரும், கியரைக் குறைத்துப் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் வேறு ஒருவருக்கும் அந்தக் காரை எடுக்கத் தெரியாது.

அம்மாவுக்கு இராத்திரி பிள்ளைப்பேற்று நோ தொடங்கியபோது நான் மலேரியாவில் கிடந்தேன். நடுக்கத்தில் எழும்பி நிற்கக்கூட முடியவில்லை. கார் கொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூடிப் பெற்றோல் இருக்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறது. ஓட ஆளில்லை. பக்கத்துக் கொட்டில் ஐயா மாட்டு வண்டி கட்டினார். அக்கராயன் ஆஸ்பத்திரிக்கு அந்த றோட்டில் வண்டியில் போவதென்றால் என்னவென்று உனக்குத் தெரியும், நீயும் வண்டியில்தான் இருந்தாய், மழைக்கு ஓலைப்பாயைப் பிடித்துக்கொண்டு. அம்மா வண்டிச் சட்டத்தைப் பிடித்தபடி காரைத் திரும்பிப் பார்த்தா. ‘எனக்கு அதை ஓடத் தெரிஞ்சிருந்தா’ என்றா. அதற்குப் பிறகு அவ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி ஆஸ்பத்திரி விறாந்தையில் பிறந்தான். கடவுள் புண்ணியத்தில் இரண்டு உயிரும் தப்பியது.

அதனால்தான் உனக்குப் பழக்கினேன். பெண்பிள்ளைக்கு ஏன் என்று சின்னம்மா கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை, அம்மா சொன்னா. ‘அவள் ஓடவேணும்’ என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. வாசலில் கார் நின்றும் போகவேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் என் பிள்ளை நிற்கக்கூடாது. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆகவே காரை ஓடிக்கொண்டிரு. சின்னக் கார் இருந்தால் அதை ஓடு. இல்லாவிட்டால் அந்தச் சாம்பல் காரை ஓடு, அது ஓட்டோவாக இருந்தால் உனக்கு இன்னும் சுகம், உன் லைசனுக்கு அதுவும் செல்லும். ஒன்றை மட்டும் பார். இங்கே வண்டிக்குத்தான் காப்புறுதி. அங்கே ஓடுகிற ஆளின் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய். புதுக்காரின் பத்திரத்தில் உன் பெயர் போட்டிருக்கிறதா? போடவில்லை என்றால் போடச் சொல். செலவு கொஞ்சம் கூடும் என்று மருமகன் யோசித்திருக்கலாம். தேவையென்றால் நான் தருகிறேன், பவுண் கணக்கில் பெரிய காசு என்று யோசிக்காதே, வயல் இந்த முறை மோசமில்லை. விபத்தில்லாமல் ஓடிய வருடங்களுக்கு உனக்குக் கழிவு சேர்ந்திருந்தது. உன் பெயரில் காப்புறுதி இல்லாமல் இரண்டு வருடம் போனால் அந்தக் கழிவு பெரும்பாலும் இல்லாமல் போய்விடும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அதை விட்டுவிடாதே. அது நீ உழைத்தது.

லைசன் காட்டை உன் கைப்பையிலேயே வை. உன் பாஸ்போட்டும் பிள்ளையின் பாஸ்போட்டும் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும். சாவி ஒன்று உன்னிடம் இருக்கட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்று யோசிக்காதே, பொதுவாகச் சொல்கிறேன். பனி கொட்டியிருந்தால் ஒன்றில் எடுக்காதே, இரண்டில் எடு, கிளச்சை மிக மெதுவாக விடு, அப்போதுதான் சில்லுச் சுற்றாது. பிள்ளையின் கதிரையைப் பின்சீற்றில் வை. பின்பக்கம் பார்க்கிற கதிரையென்றால் காற்றுப்பை இருக்கிற முன்சீற்றில் ஒருபோதும் வைக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். காரை ஓடிக்கொண்டிரு, கால் மறந்துவிடக்கூடாது.

உன்னில் எனக்குக் கோபமும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். 2022இல் இங்கே பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தோம், பிறகு கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள். அந்த நேரமெல்லாம் நீ ஒவ்வொரு நாளும் எடுத்தாய், ‘அப்பா மண்ணெண்ணெய் வித்தையைத் திரும்பத் தொடங்கிடாதேங்கோ’ என்று சிரித்தாய். எங்கள் கஷ்டத்தை நாங்கள் சொன்னோம், நீ கேட்டாய். இப்போது உன்னுடையதை நீ சொல்வதில்லை. அப்பாவுக்கு வயது போய்விட்டது, சொன்னால் தாங்க மாட்டார் என்று நினைக்கிறாயா? நாங்கள் தாங்காதது என்ன இருக்கிறது பிள்ளை? சின்னம்மாவின் மூத்தவள் விசயத்தில் எல்லோரும் கடைசியாகத்தான் அறிந்தோம். அறிந்தபோது சின்னம்மா சொன்ன சொல் உனக்கும் நினைவிருக்கும். அதற்கு மேல் எழுதவில்லை.

ஒன்றும் இல்லை என்றால் நல்லது. கார் பழுதாகி விற்றிருப்பீர்கள், பிள்ளையோடு உனக்கு நேரமில்லாமல் இருக்கும், மருமகனுக்குத் தான் ஓடினால் தைரியமாக இருக்கும். அப்படியென்றால் இந்தக் கிழவன் வீணாக யோசித்தான் என்று நினைத்து, காரின் படத்தை மட்டும் ஒன்று அனுப்பு. நீ ஸ்ரேரிங்கில் இருக்கிற படம்.

இன்னொரு விசயம். மைனருக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் விலை கேட்டுவந்தார். பழைய கார் சேர்க்கிறவர். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சின் இலக்கத்தையும் தகட்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, நான் எதிர்பாராத ஒரு தொகை சொன்னார். உனக்கும் பேத்திக்கும் இங்கே வந்துபோக ரிக்கற், அதற்கு மேல் ஒரு வருடம் இருந்து சாப்பிடுவதென்றாலும் போதும். நான் இல்லை என்று சொல்லவில்லை, பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன். தம்பிக்கு இது தெரியாது, அம்மாவுக்குத் தெரியும்.

நீ அடுத்த தரம் எடுக்கும்போது வழக்கம்போல ஸ்பீக்கரிலேயே கதை. நான் மைனரைப் பற்றிக் கேட்பேன். வைத்திருக்கட்டுமா, கொடுக்கட்டுமா என்று கேட்பேன். ‘வைத்திருங்கோ அப்பா’ என்று நீ சொன்னால் நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன், சீற்றுக்குப் புதுத் துணி போடுகிற வேலையைத் தொடங்குவேன். ‘வித்துடுங்கோ’ என்று சொன்னால் போதும். பக்கத்தில் யார் இருந்தாலும் அது எங்கள் பழைய கார்க் கதைதான். அடுத்த நாளே அந்த மனிசனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ரிக்கற் போடுவேன். அறை ஒன்று வெள்ளையடித்து வைத்திருக்கிறோம்.

அன்புள்ள,
அப்பா